சேம அச்சும் டீசல் வண்டியும்

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழ, உப்பு வணிகரின் வண்டியை உவமையாக எடுத்துக்கொள்கிறார். மேடும் பள்ளமுமான வழியில் எது எப்போது முறியும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே உமணர் வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டே புறப்பட்டார்கள். அதன் பெயர் 'சேம அச்சு'. இன்று நம் டிரைவர்கள் 'ஸ்டெப்னி' என்கிறார்களே, அது வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் பிறந்த மாற்றுச் சக்கரத்தின் பெயர். எங்கோ ஒரு தெருவின் பெயர் இந்தியா முழுவதும் நிலைத்துவிட்டது. நம் சொல் ஏட்டிலேயே தங்கிவிட்டது. சொல் போனாலும் போகட்டும், அதற்குள் இருக்கும் வணிகப் புத்தி போய்விடக் கூடாது. அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் சங்க அன்பர்களில் பலர் வாஷி சந்தையிலிருந்து தாராவி, செம்பூர், பன்வேல், புனே என்று சரக்கு அனுப்புகிறவர்கள். தானிய வியாபாரியான எனக்கும் நாற்பது ஆண்டாக வண்டியோடுதான் பிழைப்பு. புது வண்டிக்கு மாதத் தவணை கட்ட எல்லாராலும் முடியாது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு தாண்டிய டீசல் பிக்கப்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. நான் மெக்கானிக் அல்ல. கைப்புத்தகத்தைப் படித்தும், மிஸ்திரியின் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டும் தெரிந்துகொண்டதை, வண்டி வைத்திருக்கும் முதலாளிக்குப் புரியும்படி எழுதுகிறேன்.

இன்ஜினின் இயல்பு

பெட்ரோல் இன்ஜினில் பொறி தட்டி எரிகிறது. டீசல் இன்ஜினில் பொறியே கிடையாது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜினின் தத்துவம் எளிது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து இறுக்கமாக அமுக்கினால் அது சூடேறும். நம் வண்டிகளில் 500 டிகிரிக்கு மேலேயே போகும். அந்தச் சூட்டில் டீசலைப் பூந்தூறலாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும்.

ஆகவே வேண்டியவை மூன்று: தடையில்லாத காற்று, நல்ல அழுத்தம், சரியான நேரத்தில் சரியான அளவு டீசல். பழைய டீசல் இன்ஜின் ஓடுவதில் எந்தக் கோளாறு வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கேரேஜில் யாரும் நம்மைக் குழப்ப முடியாது.

உதாரணத்துக்கு, மஹிந்திராவின் பழைய டி.ஐ. பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். 4 சிலிண்டர், 2523 சி.சி. சிலிண்டரின் விட்டம் 88.9 மி.மீ., ஓட்டம் 101.6 மி.மீ. அங்குலத்தில் பார்த்தால் சரியாக மூன்றரை, நான்கு. அங்குலக் கணக்கில் இருக்கும்போதே தெரிகிறது, இது டிராக்டர் இன்ஜின் வழியில் வந்தது என்று. வேகம் குறைவு, பொறுமை அதிகம். கம்ப்யூட்டர் கிடையாது. 2020 ஏப்ரல் 1க்குப் பிறகு விற்பனைக்கு வந்த பி.எஸ்.6 வண்டிகள் வேறு ஜாதி. காமன் ரெயில், சென்சார் என்று அவற்றின் வைத்தியமே தனி. நான் சொல்லுவது மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய வண்டிகளுக்குத்தான்.

இந்த பம்ப்தான் வண்டியின் உயிர்நாடி. அதன் உள்ளே ஓடும் பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அங்கே எண்ணெய் போடுவார் யாருமில்லை, டீசலேதான் எண்ணெய். மண்ணெண்ணெய் கலந்த டீசலும் தண்ணீர் சேர்ந்த டீசலும் பம்பைத் தின்பது இதனால்தான். பி.எஸ்.3 காலத்தில் 350 பிபிஎம் வரை இருந்த கந்தகம் இன்றைய பி.எஸ்.6 டீசலில் 10 பிபிஎம்தான். கந்தகத்தை எடுக்கும்போது குறையும் வழவழப்பை ஆலையிலேயே மருந்து சேர்த்துச் சரிசெய்கிறார்கள். எனவே டேங்கில் 'ரெண்டு மூடி ஆயில் ஊத்து' என்ற யோசனைக்குக் காது கொடுக்க வேண்டாம். பழைய ரப்பர் சீல் கசிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வண்டிக்கு ஒரு பேரேடு

கடைக்குப் பேரேடு எழுதுகிற நாம் வண்டிக்கு எழுதுவதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, கிலோமீட்டர், போட்ட டீசல், ஊற்றிய ஆயில், ஊற்றிய தண்ணீர், மாற்றிய சாமான். இவ்வளவுதான்.

லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இரண்டு மாதமாக 10 கொடுக்கிறது என்றால் ஏதோ நடந்திருக்கிறது: பிரேக் உராய்கிறது, ஏர் ஃபில்டர் அடைந்திருக்கிறது, நாசில் ஒழுகுகிறது, அல்லது டீசல் வேறெங்கோ போகிறது! ரேடியேட்டருக்கு வாரம் அரை லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால், அந்தத் தண்ணீர் போகுமிடம் ஒன்று இருந்தே தீர வேண்டும். நோட்டு இல்லாவிட்டால் இதெல்லாம் கண்ணில் படாது.

இன்னொன்று. ஆயில் மாற்றக் கைப்புத்தகம் கிலோமீட்டர் கணக்குச் சொல்லும். சந்தை வண்டி ஓடுவதைவிட நின்றுகொண்டு உறுமுவதே அதிகம். டிராக்டருக்கு மணிக் கணக்கு வைப்பது போல நமக்கும் வேண்டும். ஒரு மணி நேரம் இன்ஜின் நின்றபடி ஓடினால் அதை 40 கிலோமீட்டராக நான் நோட்டில் ஏற்றிவிடுவேன். நின்று ஓடும்போது இன்ஜின் சூடு குறைந்து, எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். டிப்-ஸ்டிக்கில் ஆயில் குறையாமல், கூடிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள். ஒன்று டீசல் கலந்திருக்கிறது, அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது. தண்ணீர் என்றால் ஆயில் பால் விட்ட டீ நிறத்துக்கு வந்துவிடும்.

புகை சொல்லும் செய்தி

வைத்தியர் நாடி பார்ப்பது போல வண்டிக்குப் புகை பார்க்க வேண்டும்.

கறுப்புப் புகை: டீசல் அதிகம், காற்று குறைவு. முதலில் ஏர் ஃபில்டர், அடுத்து நாசில், பிறகுதான் பம்ப். டர்போ வண்டியானால் ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். அளவுக்கு மேல் பாரம் ஏற்றினாலும் கறுப்புதான்.

வெள்ளைப் புகை: காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. சூடான பிறகும் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தால், டீசல் எரியாமல் போகிறது. டைமிங் அல்லது அழுத்தம். வாடை இனிப்பாக இருந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால், கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது. ஹெட் கேஸ்கெட் சந்தேகம்.

நீலப் புகை: ஆயில் எரிகிறது. ரிங், வால்வு சீல், டர்போ சீல் மூன்றில் ஒன்று. ரொம்ப நேரம் நின்று கிளம்பும்போது மட்டும் ஒரு குப்பென்று வந்தால் பெரும்பாலும் வால்வு சீல். ஓடும்போதெல்லாம் வந்தால் ரிங்கைப் பார்க்க வேண்டும்.

பி.எஸ்.4க்கு முந்திய டீசல் வண்டிகளுக்குப் புகைச் சான்றிதழில் 65 ஹெச்.எஸ்.யு., பி.எஸ்.4 வண்டிக்கு 50 என்பது வரம்பு. இதை வெறும் போலீஸ் காகிதமாகப் பார்க்காமல், அந்த எண்ணையும் நோட்டில் எழுதி வையுங்கள். போன தடவை 40, இந்தத் தடவை 58 என்றால் பாஸ்தான். ஆனால் நாசிலைக் கழற்றி டெஸ்ட் பண்ண வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வண்டி கிளம்பவில்லையா?

'முதலாளி, வண்டி ஸ்டார்ட் ஆகல' என்று போன் வந்தால் நான் கேட்கும் கேள்வி இரண்டே. செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறதா? சைலன்சரில் புகை வருகிறதா?

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அது மின்சாரக் கோளாறு. பேட்டரி மாற்றுவதற்கு முன் டெர்மினலைச் சுத்தம் செய்து, இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் ஒயரைப் பாருங்கள். மும்பைக் கடற்காற்றில் அந்த ஒயர் உள்ளுக்குள்ளேயே பூத்துப்போகும். டீசலுக்கு வேகமான சுற்று முக்கியம். மெதுவாகச் சுற்றினால் காற்று சூடேறாது.

நன்றாகச் சுற்றுகிறது, புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. ஸ்டாப் கேபிள் இழுத்தபடி மாட்டியிருக்கலாம்; சொலினாய்டு வேலை செய்யாமல் இருக்கலாம்; ஃபில்டர் அடைந்திருக்கலாம்; காற்றுப் புகுந்திருக்கலாம்.

நன்றாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகையும் வருகிறது என்றால் டீசல் போகிறது, பற்றவில்லை. இதுதான் அழுத்தம், டைமிங் பக்கம் போக வேண்டிய கேஸ். இந்த ஒரு பகுப்பே எத்தனையோ வீண் செலவை மிச்சப்படுத்தும். ஒரு நண்பரின் வண்டி மேட்டில் மட்டும் திணறிக்கொண்டிருந்தது. ஒரு கேரேஜில் பம்பையும் நாசிலையும் இறக்கி இன்ஜின் வேலையும் செய்ய வேண்டும் என்று பெரிய தொகை சொல்லிவிட்டார்கள். புகை கறுப்பா, வெள்ளையா என்று பார்த்தோம், எதுவுமே இல்லை. டீசல் பட்டினி என்பது அப்போதே தெரிந்துவிட்டது. டேங்கிலிருந்து வரும் குழாயின் வலையில் சாக்கு நூலும் துருவும் பந்தாக அடைத்திருந்தன. பிரித்து ஊதி மாட்டியதும் வண்டி ஏறியது.

காற்றுப் புகுந்தால் எடுக்கும் முறை: ஃபில்டர் மேலுள்ள பிளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும். குமிழி இல்லாமல் தெளிவாக வந்ததும் இறுக்குங்கள். அப்படியே பம்பின் ஸ்க்ரூ. தேவைப்பட்டால் நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒன்றொன்றாகத் தளர்த்திச் செல்ஃப் அடிக்கலாம். ஆனால் அங்கே கை வைக்காதீர்கள். நாசில் திறக்க 200 பார் அளவு அழுத்தம் வேண்டும். அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டால், காயம் ஊசிக்குத்து போலத்தான் தெரியும், கையே போய்விடலாம். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடிக்கடி காற்றுப் புகுகிறது, கசிவு எங்கும் இல்லை என்கிறார்களா? டேங்குக்கும் லிஃப்ட் பம்புக்கும் இடையில் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். அந்தப் பக்கத்துப் பழைய ரப்பர் குழாய்களையும் செம்பு வாஷர்களையும் மொத்தமாக மாற்றிவிடுவதே சிக்கனம்.

மழைக்காலத்தில் ஃபில்டர் அடியிலுள்ள தண்ணீர்க் குமிழை வாரம் ஒருமுறை திறந்து வடியுங்கள். டேங்கை இரவில் நிரப்பி வைத்தால் உள்ளே ஈரக்காற்று குளிர்ந்து நீராகப் படிவது குறையும்.

ஏற்றத்தில் சூடு

கண்டாலா மேட்டில் ஊசி சிவப்புக்குப் போனால் எல்லாரும் தண்ணீர் பம்பைத்தான் திட்டுவார்கள். நம் தானிய வண்டிகளில் முதல் குற்றவாளி உமியும் சாக்கு நூலும். ரேடியேட்டரின் இதழ்களுக்கு நடுவே அவை ஈரத்தோடு ஒட்டிக் காற்றை மறித்துவிடும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரால் கழுவுங்கள். முன்பக்கமிருந்து வேகமாக அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போகும்.

அடுத்தது மூடி. அது வெறும் மூடி அல்ல. 0.9 பார் மூடி சரியாக இருந்தால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாகச் சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் போன மூடியால் அந்தப் பதினெட்டு டிகிரி பறிபோகிறது. சூடான வண்டியில் மூடியைத் திறப்பது அதனால்தான் ஆபத்து.

'தெர்மோஸ்டாட் தூக்கிட்டா சூடே ஆகாது' என்பது கேரேஜ் வேதம். அதை எடுத்துவிட்டால் இன்ஜின் எப்போதும் பச்சையாகவே ஓடும். சிலிண்டர் தேயும், டீசல் அதிகம் குடிக்கும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்தான் பக்கவழியை அடைக்கிறது. அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி, சூடு கூடத்தான் செய்யும்.

இறக்கத்தில் உயிர்

மேலே சொன்னவை பணத்தைக் காப்பவை. இது ஆளைக் காப்பது.

லோனாவாலா கடல் மட்டத்திலிருந்து சுமார் 620 மீட்டர். கோபோலி அடிவாரம். சரக்கோடு 2700 கிலோ எடையுள்ள வண்டி 550 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் சக்தி ஐந்து லிட்டர் தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்கப் போதும். அவ்வளவு சூட்டையும் நான்கு சக்கர பிரேக்கின் தலையில் கட்டினால் அது தாங்காது. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அந்த கியர் என்று பெரியவர்கள் சொல்லுவது இதனால்தான்.

சில டிரைவர்கள் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்கள். இன்னும் சிலர் இன்ஜினையே அணைக்கிறார்கள். கணக்குப்படியே இது தவறு. கியரில் இறங்கும்போது காலை எடுத்தால் பம்பின் கவர்னர் டீசலை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும். ஆக, நியூட்ரல் மிச்சம் பிடிப்பதில்லை, செலவழிக்கிறது. இன்ஜினை அணைப்பதோ தற்கொலைக்குச் சமம். டீசல் இன்ஜின் தானாகப் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் தராது; அதற்கென்று தனி வேக்யூம் பம்ப் உண்டு. பல பழைய வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கிறது. இன்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். இரண்டு மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

இதிலிருந்து ஒரு பாடம். ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்தால், 'ராத்திரி பார்த்துக்கலாம்' என்று விடாதீர்கள். பெல்ட் அறுந்திருந்தால் சார்ஜோடு பிரேக்கின் பலமும் போய்விட்டது என்று பொருள். மலைக்கு முன் வண்டியை நிறுத்துங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிவரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140ஆகக் குறைந்துவிடுகிறது. கொதித்தால் ஆவி, ஆவியை அமுக்கினால் பெடல் தரைக்குப் போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு மூட்டை அரிசி விலைகூட இல்லை. வண்டி நம்முடையது, அதில் உட்கார்ந்திருக்கும் உயிர் நம்முடையதல்ல.

செய்யத்தக்க மாற்றமும் தகாத மாற்றமும்

பின்னால் இரண்டு லீஃப் பிளேடு கூடுதலாகப் போட்டால் வண்டி குனியாது. அதிகச் சரக்கு ஏற்றலாம் என்று நினைக்கிறார்கள். பிளேடு கூடினால் பிரேக் கூடுமா? அச்சும் பேரிங்கும் டயரும் கூடுமா? குனிவது வண்டி நமக்குச் சொல்லும் எச்சரிக்கை. பிளேடு போடுவது அதன் வாயைப் பொத்துவது. பம்பின் ஸ்க்ரூவைத் திருகி இழுவை கூட்டுவதும் அப்படியே. ஒரு வாரம் நன்றாக இழுக்கும். பிறகு கறுப்புப் புகை, சூடு, பிஸ்டன்.

சட்டமும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்புக்கும் ஆர்.சி. விவரத்துக்கும் மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இதைத்தான்.

நல்ல மாற்றங்களும் உண்டு. டீசல் வழியில் கூடுதலாக ஒரு தண்ணீர் பிரிப்பான். விளக்குக்குப் பதிலாக முள் காட்டும் ஆயில் பிரஷர், டெம்பரேச்சர் மீட்டர்கள். ஹெட்லைட்டுக்கு ரிலே. பழைய ஒயரில் 13.8 வோல்ட் 11.5 ஆகிவிட்டால் வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். பெரிய பல்பு போட்டு எதிரே வருபவன் கண்ணைக் குருடாக்குவதைவிட, ரிலேவும் நல்ல ஒயரும் போட்டுக் கம்பெனி பல்பையே பிரகாசிக்கச் செய்யலாம்.

சேமப் பெட்டி

உமணருக்கு ஓர் அச்சு போதும். நம் வண்டியில் ஒரு தகரப் பெட்டி வையுங்கள்: மின்விசிறி பெல்ட், டீசல் ஃபில்டர், செம்பு வாஷர், ஒரு மீட்டர் டீசல் குழாய், கிளிப்புகள், ஃபியூஸ், ஹெட்லைட் பல்பு, ஐந்து லிட்டர் கூலன்ட், இரண்டு லிட்டர் இன்ஜின் ஆயில், டார்ச், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இரண்டு. பஞ்சர் ஸ்டெப்னி ஸ்டெப்னி அல்ல. மாதம் ஒருமுறை அதற்கும் காற்றுப் பாருங்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்று டிரைவருக்குக் காட்டிக் கொடுப்பதும் முதலாளியின் வேலைதான்.

விடை கொடுக்கும் வேளை

பழையது என்பதற்காக எதையும் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. இன்ஜினைப் புதுப்பிக்கலாம், சேஸிஸைப் புதுப்பிக்க முடியாது. ஸ்பிரிங் தாங்கிகளின் அருகே துரு பொரிப்பொரியாக உதிர்ந்து, சுத்தியால் தட்டினால் கணீரென்று கேட்காமல் பொத்தென்று கேட்டால், தகடு வைத்து வெல்டிங் அடித்து ஓட்டாதீர்கள். எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. வேண்டும் என்று விதி வைத்திருப்பதே இதைப் பார்க்கத்தான். அதை ஏஜென்ட்டிடம் கொடுத்து முடிப்பவர் தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்கிறார். டெல்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் மீது 2015இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018இல் உச்ச நீதிமன்றமும் தடை விதித்தன. 2025இல் அந்த உத்தரவுகளில் மாறுதல்கள் வந்திருப்பதால், அங்குள்ள அன்பர்கள் நடப்பு உத்தரவைப் பார்த்தே பழைய வண்டி வாங்க வேண்டும்.

சேஸிஸ் நன்றாக இருந்தால், முடிவைப் பேரேடு சொல்லும். ஓராண்டு ரிப்பேர்ச் செலவையும், வண்டி படுத்த நாட்களின் நட்டத்தையும் கூட்டுங்கள். அது புது வண்டியின் ஓராண்டுத் தவணையை நெருங்கினால் வண்டி நம்மைச் சுமக்கவில்லை, நாம்தான் அதைச் சுமக்கிறோம். அப்போது பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். 2021இல் வந்த விதிகளின்படி அதைக் காட்டிப் புதிய சரக்கு வண்டியின் சாலை வரியில் 15 சதவிகிதம் வரை சலுகை பெற வழியிருக்கிறது.

அந்த நாள் வரும்வரை, வாரம் ஒரு நாள், கடை திறக்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பானட்டைத் திறந்து டிப்-ஸ்டிக், தண்ணீர், பெல்ட், பிரேக் ஆயில், பேட்டரி டெர்மினல் என்று ஐந்தையும் பார்த்து, டிரைவரிடம் 'வண்டி எப்படிப்பா இருக்கு?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்லுவதையும் நோட்டில் எழுதிவையுங்கள்.